கோகோவில் சத்து பிண்ணாக்கில்தான்: டார்க் சாக்லேட், ஓர் எளிய விளக்கம்

காவடி முடிந்த மறுவாரம் மொரீஷியஸின் காத்ர் போர்னில் எங்கள் வீட்டுக்கு ஓர் அக்கா வந்திருந்தார். பத்து நாள் விரதம் இருந்து அலகு குத்திக் காவடி எடுத்தவர். பேசிக்கொண்டே கைப்பையைத் திறந்து, கறுப்புக் காகிதம் சுற்றிய சாக்லேட் கட்டியை எடுத்து நீட்டினார். பாதி ஏற்கெனவே தீர்ந்திருந்தது.

"சாப்பிடு தங்கச்சி. இது டார்க். சர்க்கரை ஏறாது, பிரஷருக்கும் நல்லதாம்."

அவருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை வியாதி. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். சேர்மானங்களின் வரிசையில் முதல் சொல்லே ‘சுக்ர்’ என்று பிரெஞ்சில் இருந்தது. சீனி. எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள். அப்படியானால் அந்தக் கட்டியில் வேறெந்தச் சேர்மானத்தையும்விடச் சீனிதான் கூடுதல்.

மொரீஷியஸில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்; சீனி இல்லாத வீடு இங்கே கிடையாது. இப்படிப்பட்ட ஊரில் "டார்க் சாக்லேட் உடம்புக்கு நல்லது" என்ற ஒற்றை வரி வாய்க்கு வாய் பரவுவது எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்த வரி முழுப் பொய் இல்லை. ஆனால் எது நல்லது, எவ்வளவு நல்லது, எங்கே இருக்கிறது அந்த நல்லது என்பதெல்லாம் அதில் விட்டுப்போய்விட்டன.

மரத்திலிருந்து கட்டி வரை

கோகோ மரம் பலா மாதிரி. அடிமரத்திலேயே காய் ஒட்டிக்கொண்டு தொங்கும். காயை உடைத்தால் முப்பது நாற்பது விதைகள், ஒவ்வொன்றையும் சுற்றி சீத்தாப்பழத்தில் இருப்பதுபோல் வெள்ளைச் சதை. அந்தச் சதை இனிப்பும் புளிப்பும். உள்ளே இருக்கும் விதையோ வாயில் வைக்க முடியாத கசப்பு.

விதைகளைச் சதையோடு குவித்து வாழையிலையால் மூடி ஐந்தாறு நாள் விடுவார்கள். இட்லி மாவு புளிக்கிற அதே வேலைதான். குவியல் தானாகவே சூடேறி 45 பாகை செல்சியஸைத் தாண்டும். சாக்லேட் மணத்துக்கான அடித்தளம் இங்கேதான் விழுகிறது. பிறகு வெயிலில் காயவைத்து, வறுத்து, தோல் நீக்கி, பருப்பை அரைப்பார்கள். அரைக்க அரைக்க மாவாகாது, கூழாக இளகும். விதையில் பாதிக்கு மேல் கொழுப்பு இருப்பதுதான் காரணம். இந்தக் கூழுக்குக் கோகோ கூழ் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா இரண்டு நாடுகளிலிருந்து வருகிறது. நமக்குப் பக்கத்தில் மடகாஸ்கரின் வடமேற்கில் சம்பிரானோ பள்ளத்தாக்கிலும் விளைகிறது. அந்த ஊர்க் கோகோவில் பழப்புளிப்பு தூக்கலாக இருக்கும். ஒரு தடவை சுவைத்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

எண்ணெயும் பிண்ணாக்கும்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

எள்ளைச் செக்கில் ஆட்டினால் எண்ணெய் ஒரு பக்கம், பிண்ணாக்கு ஒரு பக்கம். எண்ணெய் நமக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு. கோகோ கூழை அழுத்தினாலும் இரண்டாகத்தான் பிரியும். வடிந்து வரும் கொழுப்பு கோகோ வெண்ணெய். பெயரில்தான் வெண்ணெய், பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மிஞ்சும் பிண்ணாக்கைப் பொடித்தால் கடையில் டப்பாவில் விற்கும் கோகோ பொடி. 1828இல் ஹாலந்தில் வான் ஹௌட்டன் குடும்பம் இதற்கான அழுத்து முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் உலகம் முழுக்கக் கோகோ பொடி மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தது.

கோகோவில் கணக்கு தலைகீழ். நார்ச்சத்து, மெக்னீசியம், இரும்பு, செம்பு, பின்னால் நான் விளக்கப்போகும் துவர்ப்புச் சத்து என எல்லாமே பிண்ணாக்கில்தான் இருக்கின்றன. வெண்ணெயில் இருப்பது கொழுப்பு மட்டும். அது மோசமான கொழுப்பு என்று சொல்ல மாட்டேன். அதில் மூன்றில் ஒரு பங்கு ஸ்டியரிக் அமிலம், அது மற்ற பல நிறைகொழுப்புகளைப் போல ரத்தக் கொலஸ்ட்ராலை ஏற்றுவதில்லை. ஆனால் கலோரி கலோரிதான்.

வெள்ளைச் சாக்லேட் ஏன் வெள்ளை என்பதும் இப்போது புரியும். அதில் கோகோ வெண்ணெய், பால், சீனி மூன்றும் உண்டு; பிண்ணாக்கு துளியும் இல்லை.

70 என்று போட்டிருந்தால்

காகிதத்தில் 70 சதவீதம் என்று இருந்தால், நூறு கிராம் கட்டியில் 70 கிராம் கோகோ விதையிலிருந்து வந்தது என்று பொருள். மீதி முப்பதில் கிட்டத்தட்ட எல்லாமே சீனி. ஆக, 70 சதவீதக் கட்டி முழுவதையும் தின்றால் ஆறேழு தேக்கரண்டி சீனி உள்ளே போகிறது. சீனியே இல்லை என்பது தவறு, குறைவு என்பதுதான் சரி. பால் சாக்லேட்டில் ஏறக்குறைய பாதி எடை சீனியாக இருக்கும்.

இந்த 70க்குள் எண்ணெயும் பிண்ணாக்கும் சேர்ந்தே எண்ணப்படுகின்றன. இதைத்தான் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. வாயில் வழுவழுவென்று கரைய வேண்டும் என்று சில தயாரிப்பாளர்கள் கூடுதலாகக் கோகோ வெண்ணெய் ஊற்றுவார்கள். அதுவும் சதவீதத்தில் ஏறிவிடும். இரண்டு கட்டிகளிலும் 70 என்றே இருக்கலாம், பிண்ணாக்கு ஒன்றில் கூட, ஒன்றில் குறைய.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சதவீதத்திலிருந்து, பின்பக்கத்து அட்டவணையில் நூறு கிராமுக்கு எவ்வளவு கொழுப்பு என்று போட்டிருக்கிறதோ அதைக் கழியுங்கள். 70 சதவீதம், கொழுப்பு 40 என்றால் பிண்ணாக்கு 30 கிராம். 70 சதவீதம், கொழுப்பு 46 என்றால் 24 கிராம்தான். பாலும் முந்திரி பாதாமும் சேராத கட்டிகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். கடையில் நின்றே மனக்கணக்காகப் போட்டுவிடலாம்; நான் இப்போது போடாமல் வாங்குவதில்லை.

கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பனை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பு சேர்த்த கட்டிகளும் லபுத்திக்கில், அதாவது தெருமுனைக் கடையில், மலிவாகக் கிடைக்கும். நிறம் கறுப்புதான். சேர்மானத்தில் தாவரக் கொழுப்பு முன்வரிசையில் இருந்தால் அது வேறு பண்டம். இந்தக் கட்டுரையில் பேசும் சாக்லேட் அது இல்லை.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: சத்து பிண்ணாக்கில். சதவீதம் எண்ணெயையும் சேர்த்து எண்ணுகிறது. சதவீதத்தில் சேராத மிச்சம் பெரும்பாலும் சீனி.

துவர்ப்பு என்கிற சத்து

கோகோவைப் பற்றிய மருத்துவப் பேச்செல்லாம் ஃபிளவனால் என்ற ஒரு சொல்லைச் சுற்றியே நடக்கிறது. செடிகள் தங்களைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் துவர்ப்புப் பொருள்களில் அது ஒரு வகை. வாழைப்பூ நறுக்கும்போது விரலில் ஏறும் கறை, பால் விடாத தேநீர் நாக்கை இறுக்குவது, பாக்கு மென்றால் வாய் சுருங்குவது எல்லாம் இதே குடும்பத்தின் வேலை. அறுசுவையில் துவர்ப்பைத் தனிச்சுவையாகவே வைத்தவர்கள் நாம், அதனால் நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது.

உடம்புக்குள் அது என்ன செய்கிறது? ரத்தக் குழாயின் சுவரில் மெல்லிய தசை வளையமாகச் சுற்றியிருக்கிறது. ரப்பர் குழாயை ஒருவர் கையால் இறுக்கிப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிடி இறுகினால் உள்ளே அழுத்தம் ஏறும், தளர்ந்தால் இறங்கும். பிடியைத் தளர்த்தச் சொல்லும் தூதுவன் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு. குழாயின் உட்சுவரே அதைச் சுரக்கிறது. இதைக் கண்டுபிடித்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. கோகோ ஃபிளவனால் உட்சுவரைத் தூண்டி அந்த வாயு கூடுதலாகச் சுரக்க உதவுகிறது.

கறுப்பு நிறம் எதற்கும் சாட்சி இல்லை

ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலக்கியிருப்பீர்கள். ஒரு சிட்டிகை விழுந்ததும் மஞ்சள் குபீரென்று சிவக்கும். சுண்ணாம்பு காரப்பொருள், மஞ்சளில் இருக்கும் நிறப்பொருள் காரத்தைத் தொட்டால் மாறிவிடுகிறது.

கோகோ பொடிக்கும் இதைச் செய்கிறார்கள். இயல்பான கோகோ பொடி வெளிர் பழுப்பு, சற்றுச் செம்மண் நிறம். சுவையில் புளிப்பும் துவர்ப்பும் இருக்கும். பொட்டாசியம் கார்பனேட் போன்ற காரத்தோடு பதப்படுத்தினால் அது கருத்து, புளிப்பு அடங்கி, மிருதுவாகிவிடும். இதற்குக் காரப்பதம் என்று பெயர் சொல்லலாம். பிஸ்கட்டில் பார்க்கும் கரிக்கறுப்பு எல்லாம் காரப்பதக் கோகோதான். கறுப்பு ஏறும்போதே துவர்ப்பு போகிறது; அதோடு ஃபிளவனாலில் பெரும்பங்கும் போகிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு வெள்ளைக் கிண்ணங்களில் தலா ஒரு கரண்டி இயல்பான கோகோ பொடியை வெந்நீரில் கரையுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். மேலே மெல்லிய நுரை கிளம்பும், நிறம் கருத்துச் சிவக்கும், மணமும் மாறும். என் மகள் இதைப் பார்த்துவிட்டு, "அம்மா, கறுப்பு கோகோதான் ஒரிஜினல்னு நினைச்சேன்" என்றாள். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

ஆகையால் டப்பா வாங்கும்போது சேர்மானத்தில் கோகோ மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இ 500, இ 501 என்ற எண்களோ, ‘அல்கலினிஸே’ என்ற பிரெஞ்சுச் சொல்லோ இருந்தால் காரப்பதம். கேக்குக்கு அது நல்ல நிறம் தரும். சத்துக்காக வாங்குவதானால் வேண்டாம்.

ஆராய்ச்சி எவ்வளவு தூரம் சொல்கிறது

ஃபிளவனால் மிகுந்த கோகோவை ரத்த அழுத்தத்துக்குச் சோதித்த 35 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2017இல் ஒன்றாக வைத்துப் பார்த்தது. அழுத்தம் சராசரியாக இறங்கியது இரண்டு அலகுக்கும் சற்றுக் குறைவு. 150 இருக்கிறவருக்கு 148. உண்மையான இறக்கம், ஆனால் சின்ன இறக்கம். மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு இது கிட்டத்தில்கூட வராது. அந்த அக்கா மாத்திரையை விட்டுவிட்டாரோ என்றுதான் நான் முதலில் கேட்டேன். நல்ல வேளை, விடவில்லை.

அமெரிக்காவில் காஸ்மோஸ் என்ற பெரிய ஆய்வு 2022இல் வெளியானது. 21,442 முதியவர்களில் ஒரு பாதிப் பேருக்குத் தினமும் 500 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால், மாத்திரை வடிவில். மாரடைப்பு, பக்கவாதம் முதலிய எல்லாவற்றையும் சேர்த்து எண்ணியபோது, குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதய நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை மட்டும் 27 சதவீதம் குறைந்திருந்தது. அது ஆய்வின் முதல் கேள்வி அல்ல என்பதால் நம்பிக்கையோடு குறித்துவைக்கலாம், முடிந்த முடிவாக எடுக்கக் கூடாது. இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள்: சோதிக்கப்பட்டது ஃபிளவனால் அளந்து சேர்த்த கோகோ. கடைக் கட்டியில் அது எவ்வளவு என்று பெரும்பாலும் யாரும் அச்சிடுவதில்லை. புளிக்கவைப்பதிலும் வறுப்பதிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போன பிறகு மிஞ்சியதுதான் நம் கைக்கு வருகிறது.

இருபது கிராம், அதாவது இரண்டு சிறு துண்டு 70 சதவீதச் சாக்லேட்டில் சுமார் 120 கலோரி, சீனி ஆறு கிராமுக்குள், நார் இரண்டு கிராம், மெக்னீசியம் 45 மில்லிகிராம். முழுக் கட்டியில் 600 கலோரி, குவித்துப் போட்ட ஒரு தட்டுச் சோற்றுக்குச் சமம். ஒரு மேசைக்கரண்டி கோகோ பொடியிலோ கிட்டத்தட்ட அதே நார், வெறும் 12 கலோரி. பிண்ணாக்கின் பெருமை இந்தக் கணக்கில் பளிச்சென்று தெரியும்.

யார் பார்த்துச் சாப்பிட வேண்டும்

இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு டார்க் சாக்லேட் மருந்து என்றும் ஒரு பேச்சு உண்டு. இரும்பு இருக்கிறது; ஆனால் அதே துவர்ப்புப் பொருள் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கிறது, சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் நடப்பதுபோல. ரத்தசோகைக்கு மருத்துவர் சொல்வதையும், பிரெட் முரும் என்று சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் நம் முருங்கைக்கீரையை எலுமிச்சை பிழிந்து சாப்பிடுவதையும் நம்புங்கள்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள், கோகோவில் கல் உண்டாகக் காரணமாகும் ஆக்சலேட் மிகுதி என்பதை மருத்துவரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று, மறைக்காமல் சொல்ல வேண்டியது. 2022இல் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் இதழ் 28 டார்க் கட்டிகளைச் சோதித்தது. எல்லாவற்றிலும் நச்சு உலோகங்களான காட்மியமும் ஈயமும் இருந்தன. தினம் 28 கிராம் சாப்பிட்டால் 23 கட்டிகளில் இரண்டில் ஒன்றாவது அவர்கள் எடுத்துக்கொண்ட எல்லையைத் தாண்டியது. காட்மியம் மண்ணிலிருந்து வேர் வழியாக விதைக்குப் போகிறது. ஈயம் பெரும்பாலும் காயவைக்கும்போது தூசியாகப் படிகிறது. இரண்டும் தங்குவது பிண்ணாக்கில்தான். நல்லது சேர்ந்த அதே இடத்தில் இதுவும் சேர்கிறது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம். மற்றவர்களும் ஒரே கட்டியைத் தினமும் தின்னாமல் மாற்றி மாற்றி, கொஞ்சமாக.

நாய்க்கு எந்தச் சாக்லேட்டும் கொடுக்காதீர்கள். கோகோவில் இருக்கும் தியோபுரோமினை நாயின் உடம்பால் சீக்கிரம் வெளியேற்ற முடியாது. டார்க் என்றால் இன்னும் ஆபத்து.

சுருக்கமாக: ரத்தக் குழாய்க்குச் சின்ன நன்மை, மருந்துக்கு மாற்று இல்லை, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு துண்டு போதும்.

அடுப்படியில்

கோகோ பொடியை நேராகப் பாலில் கொட்டினால் மேலே மிதந்து கட்டி கட்டும். மிச்சக் கொழுப்பு தண்ணீரை ஒட்டவிடாது. முதலில் இரண்டு கரண்டி வெந்நீரில் விழுதாகக் குழைத்துக்கொண்டு பிறகு பால் ஊற்றுங்கள். வெனிலாத் தேநீர் குடித்துப் பழகிய நம் நாக்குக்கு ஒரு துண்டு வெனிலாக் காய் போதும், சீனி தேவைப்படாது. பிள்ளைகளுக்கு இனிப்பு வேண்டுமென்றால் நன்றாகப் பழுத்த சின்னப் பழம், இங்கே ஜின்ஜிலி என்போமே, அதில் பாதியை மசித்துப் போடலாம். ஓட்ஸ் கஞ்சியிலும் இதே விழுதைக் கலக்கலாம்.

கட்டியை உருக்கும்போது பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது. விழுந்தால் சாக்லேட் திடீரென்று மணல்போல் இறுகிவிடும். உள்ளே இருக்கும் சீனித் துகள்கள் அந்த ஈரத்தைப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வரும் வினை. இறுகிவிட்டால் தூக்கிப் போட வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் விட்டுக் கலக்கினால் பளபளப்பான குழம்பாகத் திரும்பும். விக்டோரியா அன்னாசித் துண்டின் நுனியை அதில் தோய்த்து, ஒரு கல் உப்பு நொறுக்கித் தூவிப் பாருங்கள். மிளகாயும் புளியும் தடவிச் சாப்பிடும் அன்னாசிக்கு அது தங்கை.

கோடையில் கட்டியின் மேல் சாம்பல் பூத்தால் பூஞ்சை என்று பயப்படாதீர்கள். கோகோ வெண்ணெய் 34 பாகையில் உருகும். வெயிலில் இளகி மறுபடி இறுகும்போது கொழுப்பு மேலே வந்து படிகிறது. சாப்பிடலாம். இறுக மூடிய டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் இது குறையும்.

எனக்கு மிகவும் பிடித்தது கறியில் சேர்ப்பது. மெக்சிகோவில் மோலே என்ற குழம்பில் மிளகாயோடு சாக்லேட் சேர்ப்பார்கள். நம் அரிகோ ரூஜ் கறிக்கும் அது பொருந்துகிறது. சிவப்பு பீன்ஸ் வெந்து, வெங்காயம் தக்காளி கறித்தூள் எல்லாம் ஒன்றாகிய பிறகு, நாலு பேருக்கான கறிக்கு ஒரு தேக்கரண்டி கோகோ பொடியைக் கறித்தண்ணீரிலேயே குழைத்து ஊற்றி, ஐந்து நிமிடம் மெல்லிய தீயில் விட வேண்டும். கடைசியில் கொஞ்சம் புளி. சாக்லேட் வாசனை துளியும் தெரியாது. குழம்பு கெட்டிப்பட்டு, அடியில் ஒரு வறுவல் மணம் நிற்கும். கொத்தமல்லியை வறுத்தால் எந்த வகை மணம் பிறக்கிறதோ, வறுத்த கோகோவிலும் அதே வகை மணம்தான்.

போன ஞாயிறு அந்த அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். பீன்ஸ் கறியைச் சோற்றில் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"தேங்காய் வறுத்து அரைச்சியா தங்கச்சி?"

எழுந்துபோய், அலமாரியிலிருந்து செம்மண் நிறப் பொடி இருந்த டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு அதைத் திருப்பி, சேர்மானத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒரே ஒரு சொல்தான் இருந்தது.